பூச்சிக்கொல்லிகளும் மண்ணுக்குள் வாழும் உயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தில் மருந்து அடிப்பவர்கள், வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள், வேளாண்மை படிக்கும் மாணவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். எளியவை முதலில் வரும், சிக்கலானவை போகப் போக வரும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்பதால், மேலிருந்து படிப்பது நல்லது.

மண்ணுக்குள்ளே மண்புழுவை விட்டால் வேறென்ன பெரிதாக இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பூமியில் வாழும் உயிரினங்களில் சுமார் 59 சதவீதம், நுண்ணுயிர்களையும் சேர்த்து, மண்ணைச் சார்ந்தவை என்று 2023இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. கண்ணுக்குத் தெரிபவை மண்புழு, மரவட்டை, பூரான், எறும்பு, கரையான், வண்டுகளும் அவற்றின் புழுக்களும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர் தெரியும். ஓரிரு மில்லிமீட்டர் நீளம்தான். வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கவை போன்ற உறுப்பைத் தட்டித் துள்ளும். அதைவிடச் சிறியவை மண் சிலந்திப்பேன்கள். மண் துகள்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்துபவை நூற்புழுக்கள். தேனீ இனங்களிலும் ஏறக்குறைய 70 சதவீதம் மண்ணைக் குடைந்துதான் கூடு கட்டுகின்றன. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

இவற்றின் வேலை ஒன்றோடொன்று தொடுத்தது. மரவட்டை இலையை நொறுக்கும். நொறுங்கிய இலையில் பூஞ்சை ஏறும். அந்தப் பூஞ்சையை ஸ்பிரிங்டெயில் மேயும். ஸ்பிரிங்டெயிலை வேட்டைச் சிலந்திப்பேன் தின்னும். மண்புழு எல்லாவற்றையும் மண்ணோடு கலந்து, நீர் இறங்க வழி செய்யும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

நான் அடிப்பது இலை மேலே. அது மண்ணுக்கு எப்படிப் போகும்?

தெளிக்கும்போதே ஒரு பங்கு நேராகத் தரையில் விழுகிறது, பயிர் சிறிதாக இருக்கும்போது மிக அதிகமாக. இலையில் தங்கியதை மழை கழுவி இறக்குகிறது. மிச்சம் உதிர்ந்த இலையோடும் அறுவடைக்குப் பின் நிற்கும் தாளோடும் வந்து சேர்கிறது. விதைக்கும் முன் விதையில் பூசும் விதைநேர்த்தி மருந்து நேரடியாக மண்ணுக்குள்ளேயே போகிறது.

அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் மேல் 5 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 750 டன். ஒரு கிலோ மருந்து அதில் முழுமையாகக் கலந்தால் ஒரு கிலோ மண்ணுக்குச் சுமார் 1.3 மில்லிகிராம். ஒழுங்குமுறை அமைப்புகளும் இந்த மாதிரிக் கணக்கைத்தான் போடுகின்றன. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் சில பூச்சிக்கொல்லிகள் இதைவிடக் குறைந்த அளவிலேயே மண்ணில் உள்ள கணுக்காலிகளைப் பாதிக்கும். தவிர, மருந்து நிலத்தில் ஒரே சீராகக் கலப்பதும் இல்லை. மேற்பரப்பிலும் இலைச் சருகிலும்தான் குவிகிறது. மேய வரும் உயிர்கள் இருப்பதும் அங்கேதான்.

மருந்து அடித்த பிறகும் மண்புழு உயிரோடுதானே இருக்கிறது? அப்புறம் என்ன பாதிப்பு?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். சாகவில்லை என்பதால் பாதிக்கவில்லை என்று ஆகாது. சோதனைச்சாலையில் இரண்டு வகைச் சோதனை உண்டு. ஒன்றில் 14 நாள் கழித்து எத்தனை புழு செத்தது என்று பார்ப்பார்கள். இன்னொன்று 56 நாள் நடக்கும். பெரிய புழுக்களை 28 நாள் மருந்து கலந்த மண்ணில் வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். அவை இட்ட முட்டைக்கூடுகளில் இருந்து எத்தனை குஞ்சு வருகிறது என்று அடுத்த 28 நாள் காத்திருந்து எண்ணுவார்கள். ஒரு புழுகூடச் சாகாத அளவிலேயே குஞ்சுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைவது சாதாரணம். எடை குறைவது, குடைவது நின்றுபோவது, மண்ணை உண்டு வெளித்தள்ளும் புழுக்கட்டி குறைவது இவையும் உண்டு. வயலில் மண்ணைப் புரட்டினால் பெரிய புழு கண்ணில் படும், மனம் சமாதானமாகிவிடும். அடுத்த தலைமுறை வரவில்லை என்பது இரண்டு பருவம் கழித்துத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புழு தான் பிழைத்துக்கொண்டு நஞ்சைச் சுமந்து செல்லவும் முடியும். 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். உதிர்ந்த இலைகளை மண்புழுக்கள் தின்றன. புழுக்கள் பெரும்பாலும் சாகவில்லை, உடலில் டிடிடியைச் சேர்த்து வைத்துக்கொண்டன. அந்தப் புழுக்களைத் தின்ற ராபின் பறவைகள் செத்து விழுந்தன.

எதுதான் அதிகம் கெடுதல்? களைக்கொல்லி செடியை மட்டும்தானே கொல்லும், பூஞ்சைக்கொல்லி பூஞ்சையை மட்டும்தானே?

மொத்தமாகப் பார்த்தால் பூச்சிக்கொல்லிகள்தான் மண் விலங்குகளுக்கு மிகக் கடுமை. பெரும்பாலானவை நரம்பைத் தாக்குபவை. ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட்டும் நரம்புச் செய்தியை நிறுத்தும் நொதியை முடக்குகின்றன, நியோனிகோட்டினாய்டுகள் நரம்பின் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இலை தின்னும் புழுவுக்கும் மண்ணில் கிடக்கும் ஸ்பிரிங்டெயிலுக்கும் நரம்பு வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம் பூஞ்சைக்கொல்லி. கார்பென்டசிம் ஒரு பூஞ்சைக்கொல்லி. ஆனால் மண்புழுவுக்கு அது எவ்வளவு கடுமை என்றால், மண்புழுச் சோதனைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று சரிபார்க்கவே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த மண்ணில் புழு பாதிக்கப்படவில்லை என்றால் சோதனையில்தான் கோளாறு என்று பொருள். செல் பிரிவதற்குத் தேவையான ஒரு புரதத்தை அது தடுக்கிறது. தாமிர மருந்துகளைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

களைக்கொல்லிகளின் நேரடி நஞ்சு பொதுவாகக் குறைவு. ஆனால் நிலத்தை மூடியிருந்த செடி போனதும் நிழலும் ஈரமும் உணவும் சேர்ந்தே போகின்றன. நேரடி விளைவும் இல்லாமல் இல்லை. ஆஸ்திரியாவில் நடந்து 2015இல் வெளியான தொட்டிச் சோதனையில், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்து மூன்று வாரத்தில் ஆழத்தில் வாழும் ஒரு மண்புழு இனம் மேலே புழுக்கட்டி தள்ளுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மேல்மண்ணில் வாழும் இன்னொரு இனத்தின் இனப்பெருக்கம் மூன்று மாதத்தில் 56 சதவீதம் குறைந்தது.

லேபிளில் போட்ட அளவைத் தாண்டுவதே இல்லை. சோதித்துத்தானே அனுமதி கொடுத்திருக்கிறார்கள்?

லேபிள் அளவை மதிப்பது சரியான பழக்கம், விடாதீர்கள். ஆனால் அந்தச் சோதனை என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான மண்புழுச் சோதனை மணல், களிமண், பீட் (சதுப்பு நிலத்து மக்கு) கலந்து செய்த செயற்கை மண்ணில் நடக்கிறது. அதில் விடுவது பெரும்பாலும் மக்குத் தொட்டியில் வளரும் சிவப்புப் புழு. சோதனைச்சாலையில் வளர்க்க எளிது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வயலில் குடையும் இனங்களில் பல அதைவிட மென்மையானவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒரு தயாரிப்பைத்தான் சோதிக்கிறார்கள். உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருப்பது அந்தக் கணக்கில் வராது.

2023இல் 54 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு வந்தது. பயிர் மருந்துகள் பொதுவாகவே மண் விலங்குகளின் எண்ணிக்கையையும் வகைகளையும் குறைக்கின்றன என்று அது காட்டியது. மிக மோசமான விளைவு மூன்று இடங்களில்: பல மருந்துகள் சேரும்போது, பலவற்றைக் கொல்லும் மருந்தாக இருக்கும்போது, பூச்சிகளைக் கொல்லும் மருந்தாக இருக்கும்போது. இந்த மூன்றிலும் பரிந்துரைத்த அளவிலேயே வகைகள் குறைந்தன.

இரண்டு மருந்தைக் கலந்தால் நஞ்சு இரண்டு மடங்கா, இல்லை அதற்கும் மேலேயா?

பெரும்பாலும் கூட்டல்தான். கணக்கிடும் முறை எளிது. ஒவ்வொரு மருந்தும் மண்ணில் எவ்வளவு இருக்கிறதோ அதை, தனியாகக் கெடுதல் செய்ய எவ்வளவு தேவையோ அதால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரே விதமாக வேலை செய்யும் மூன்று மருந்துகள், ஒவ்வொன்றும் கெடுதல் அளவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால், கூட்டுத்தொகை ஒன்று. மூன்று பேர் ஆளுக்கொரு மூட்டையை ஒரே வண்டியில் ஏற்றினால் அச்சுக்கு அது மொத்தச் சுமைதான். ‘ஒவ்வொன்றும் பாதுகாப்பான அளவில்தான் இருக்கிறது’ என்ற பேச்சு உடைவது இங்கேதான்.

கூட்டலைத் தாண்டிப் போகும் சேர்க்கைகளும் உண்டு, சில மிக நன்றாகத் தெரிந்தவை. அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லி (டெபுகோனசோல், புரோபிகோனசோல் போன்றவை), உடலில் நஞ்சை உடைக்கும் பி450 என்ற நொதிகளை முடக்கும். அதோடு பைரித்ராய்டு பூச்சிக்கொல்லி சேர்ந்தால், உடல் உடைத்துப் போட்டிருக்க வேண்டிய பைரித்ராய்டு உடைபடாமல் நிற்கும். தேனீக்களிலும் நீர்வாழ் சிற்றுயிர்களிலும் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். மண்ணில் உள்ள கணுக்காலிகளும் அதே வகை நொதிகளைத்தான் நம்பியிருக்கின்றன. ஆர்கனோபாஸ்பேட்டும் பைரித்ராய்டும் சேர்வது இன்னொரு சேர்க்கை. முன்னது நஞ்சை உடைக்கும் எஸ்டரேஸ் நொதிகளைப் பிடித்துவிடுவதால் பின்னது தங்கிவிடும். ஒன்றின் வேகத்தை மற்றொன்று தணிக்கும் சேர்க்கையும் நடக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் தெளிக்க முடியாது.

நான் டேங்கில் கலப்பதே கிடையாது. ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுத்தான் அடிக்கிறேன். கலவைப் பிரச்சினை எனக்கு வராதே?

டேங்கில் கலக்காவிட்டால் மண்ணில் கலக்கிறது. இமிடாகுளோபிரிட் என்ற நியோனிகோட்டினாய்டின் அரை ஆயுள் (பாதி உடையப் பிடிக்கும் காலம்) மண்ணையும் தட்பவெப்பத்தையும் பொறுத்துச் சில வாரங்களில் இருந்து ஆயிரம் நாளுக்கு மேலும் போகும். டிடிடி 2 முதல் 15 ஆண்டு. கிளைபோசேட் உடைந்தால் வரும் ஆம்ப்பா என்ற பொருள், தாய்ப்பொருளைவிட நீண்ட நாள் நிற்கும். போன பருவத்து மிச்சம், அதற்கு முந்தையதின் மிச்சம், அவை உடைந்து உண்டான பொருட்கள் எல்லாம் கிடக்கும் மண்ணில்தான் இன்றைய தெளிப்பும் போய்ச் சேர்கிறது.

ஐரோப்பாவில் 317 இடங்களின் மேல்மண்ணில் 76 வகை எச்சங்களைத் தேடிய ஆய்வு 2019இல் வந்தது. 83 சதவீத மண்ணில் குறைந்தது ஒன்று இருந்தது. 58 சதவீதத்தில் ஒன்றுக்கு மேல். தடை செய்து பல பத்தாண்டுகள் ஆன டிடிடியின் மிச்சமும் அடிக்கடி அகப்பட்டது.

நஞ்சு பட்டால் புழு பக்கத்து இடத்துக்குப் போய்விடாதா?

சில மருந்துகள் பட்டால் போகும். இதற்கென்றே 48 மணி நேரச் சோதனை உண்டு. பெட்டியின் ஒரு பாதியில் சுத்த மண், மறுபாதியில் மருந்து கலந்த மண் வைத்து, நடுவில் புழுக்களை விடுவார்கள். சில மருந்துகளை அவை உணர்ந்து ஒதுங்குகின்றன. சிலவற்றை உணர்வதே இல்லை. சிலவற்றை உணர்வதற்குள் நரம்பு தளர்ந்து நகர முடியாமல் போகிறது. ஒதுங்கினாலும் உங்கள் நிலத்தில் அதன் வேலை நடக்காது.

ஒதுங்கப் போகும் இடமாவது சுத்தமாக இருக்கிறதா? பிரான்சில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் தெளித்த வயல், இயற்கை முறை வயல், தெளிக்காத வேலியோரம், புல்வெளி என்று 180 மண் மாதிரிகள் எடுத்தார்கள். எல்லா மாதிரியிலும் குறைந்தது ஒரு மருந்து இருந்தது. பரிசோதித்த மண்புழுக்களில் 92 சதவீதத்தின் உடலிலும் இருந்தது.

மருந்து அடித்த பிறகு மண்ணில் சிறு பூச்சிகள் கூடத்தான் செய்கின்றன. அப்படியென்றால் மண் நன்றாகத்தானே இருக்கிறது?

முதல் பதிலில் சொன்ன கண்ணி இதுதான். டிடிடி அடித்த நிலங்களில் ஸ்பிரிங்டெயில் பெருகியதை 1950களிலேயே பார்த்தார்கள். ஸ்பிரிங்டெயிலை டிடிடி அவ்வளவாகப் பாதிக்கவில்லை, அதைத் தின்னும் வேட்டைச் சிலந்திப்பேனைக் கொன்றுவிட்டது.

இன்னும் தெளிவான கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் சோயா விதைக்குத் தியாமெதாக்சம் என்ற நியோனிகோட்டினாய்டால் நேர்த்தி செய்தார்கள். வயலில் இருந்த ஓடில்லா நத்தைகள் அந்தச் செடிகளைத் தின்றன. நத்தை பூச்சியினம் இல்லை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நத்தையைத் தின்ற தரை வண்டுகள் நடுங்கிக் கீழே விழுந்தன, செத்தும் போயின. வேட்டையாடும் வண்டு குறைந்தது, நத்தை பெருகியது, செடிகளின் அடர்த்தி 19 சதவீதமும் விளைச்சல் 5 சதவீதமும் குறைந்தன. 2015இல் வெளியான முடிவு இது. பயிரைக் காக்கப் போட்ட மருந்தே பயிரைத் தின்பவனுக்குக் காவலாக நின்றது. ஏதோ ஒரு பூச்சி பெருகியதைப் பார்த்து மண்ணின் நலத்தை முடிவு செய்யாதீர்கள். எத்தனை வகை இருக்கிறது, வேட்டையாடுபவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விதைநேர்த்தி செய்தால் தெளிப்பு குறைகிறதே. அது நல்லதுதானே?

காற்றில் பறப்பது குறையும், அது உண்மை. ஆனால் விதையில் பூசிய நியோனிகோட்டினாய்டில் பயிர் எடுத்துக்கொள்வது சராசரியாக 5 சதவீதம் அளவுக்குத்தான். மற்றதில் பெரும்பங்கு மண்ணில் தங்குகிறது. தவிர, பூச்சி வருமா வராதா என்று தெரிவதற்கு முன்பே போடுவது விதைநேர்த்தி.

பூசணிப் பூவைத் தேடி வரும், மண்ணில் கூடு குடையும் ஒரு தேனீயை வைத்துக் கனடாவில் ஆராய்ந்தார்கள். நடும்போது மண்ணில் இமிடாகுளோபிரிட் இட்ட இடத்தில் தேனீக்கள் தொடங்கிய கூடுகள் 85 சதவீதம் குறைவு, பிறந்த சந்ததி 89 சதவீதம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோனிகோட்டினாய்டுகளைத் திறந்தவெளிப் பயிர்களில் 2018இல் தடுத்தது தேனீக்களுக்காகத்தான்.

மக்கு நிறைய உள்ள மண்ணில் நஞ்சு எடுபடாது என்கிறார்களே?

பாதி உண்மை. மக்கும் களிமண்ணும் பல மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மண் நீரில் கரைந்திருக்கும் அளவு குறைகிறது. தோல் வழியாக உறிஞ்சும் உயிர்களுக்கு இது லாபம். அதே மருந்து மணற்பாங்கான மண்ணில் அதிகக் கெடுதல் செய்யும். ஆனால் பிடிபட்ட மருந்து சீக்கிரம் உடைவதும் இல்லை. மக்கையே உணவாகத் தின்னும் புழு அதையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. மக்கு சேருங்கள், அதை வைத்து அதிகம் தெளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இயற்கை மருந்து, போர்டோ கலவை என்றால் பயமில்லைதானே?

போர்டோ கலவையில் இருப்பது தாமிரம். தாமிரம் ஒரு தனிமம், அதற்கு அரை ஆயுளே இல்லை. அடித்ததெல்லாம் மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். பல ஆண்டு தாமிரம் அடித்த இங்கிலாந்துப் பழத்தோட்டங்களில் மண்புழு அற்றுப்போய், உதிர்ந்த இலை மக்காமல் தரையில் பாய் போலப் படிந்ததை 1960களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

ஸ்பினோசாட் நுண்ணுயிரில் இருந்து வருவது, ஆனாலும் பல பூச்சிகளைக் கொல்லும் நரம்பு நஞ்சுதான். வேம்பு வேறு மாதிரி. அது வேகமாக உடைந்துவிடுகிறது, வழக்கமான அளவில் மண்புழுவுக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு எவ்வளவு நாள் நிற்கும், யாரைத் தாக்கும் என்று கேளுங்கள்.

நிறுத்திவிட்டால் எவ்வளவு நாளில் எல்லாம் திரும்ப வரும்?

ஒரே பதில் கிடையாது. ஆண் இல்லாமலேயே முட்டையிடும் சில ஸ்பிரிங்டெயில் இனங்கள் சில வாரத்தில் தலைமுறை மாறிவிடும், அவை முதலில் வரும். கெட்டி ஓடு கொண்ட மண் சிலந்திப்பேன்கள் சிலவற்றுக்கு ஒரு தலைமுறைக்கே ஒரு ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். மண்புழுக்கள் புது இடத்துக்குப் பரவுவது ஆண்டுக்குப் பத்து மீட்டர் அளவுக்குத்தான். சுற்றிலும் தெளித்த நிலமாக இருந்தால் வருவதற்கு ஆளே இருக்காது. ஆகவே நிலத்துக்குள்ளேயே தெளிக்காத ஒரு வரப்பு இருப்பது மிகப் பெரிய உதவி.

என் மண்ணில் உயிர் எப்படி இருக்கிறது என்று நானே பார்க்க முடியுமா?

தாராளமாக. மண் ஈரமாக இருக்கும் பருவத்தில், காலை நேரத்தில், 20 செ.மீ. நீளம், அகலம், ஆழம் கொண்ட ஒரு கட்டி மண்ணை வெட்டி வெள்ளைத் துணியில் போட்டுக் கையால் உதிர்த்துப் புழுக்களை எண்ணுங்கள். பெரிய புழுவின் உடலில் தடித்த வளையம் ஒன்று இருக்கும். அது இல்லாதவை குஞ்சுகள். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். குஞ்சு இல்லை என்றால் மேலே சொன்ன 56 நாள் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் இருக்கும் புழுக்கள் வேண்டுமென்றால், வெட்டிய குழியில் கடுகுத்தூள் கரைத்த நீரை ஊற்றுங்கள். எரிச்சல் தாங்காமல் மேலே வரும். எண்ணியதும் நல்ல நீரில் கழுவி விட்டுவிடுங்கள்.

சிற்றுயிர்களுக்கு ஒரு புனல் போதும். வாய்ப்பக்கம் வலை வைத்து, அதன்மேல் ஒரு பிடி மேல்மண்ணையும் சருகையும் பரப்பி, மேலே ஒரு குண்டு பல்பை எரியவிடுங்கள். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து அவை கீழே இறங்கி, அடியில் வைத்த ஆல்கஹால் புட்டியில் விழும். சில நாளில் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். எதைச் செய்தாலும், அதே மண்ணில் தெளிக்காத ஓரத்திலும் செய்து ஒப்பிடுங்கள். ஒப்பீடு இல்லாத எண்ணிக்கை எதையும் சொல்லாது.

சோதனைச்சாலையில் மண்ணைக் கொடுத்தேன். எச்சம் எதுவும் இல்லை என்றார்கள். அப்படியும் புழு இல்லையே?

மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, அவர்கள் ஒரு பட்டியலில் உள்ள மருந்துகளைத்தான் தேடுவார்கள். உங்கள் நிலத்தில் போனது அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், அல்லது உடைந்து வேறு பொருளாகியிருக்கலாம். எதைத் தேடினீர்கள், எந்த அளவு வரை கண்டுபிடிக்க முடியும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, மருந்து போய்விட்டது, புழு இன்னும் திரும்பி வரவில்லை. முந்தைய கேள்விக்கு முந்தையதைப் பாருங்கள்.

மூன்றாவது, காரணம் மருந்தாகவே இல்லாமல் இருக்கலாம். அடிக்கடி ஆழ உழுவது, மூடாக்கு இல்லாத வெறும் மண், உப்பு, மிகுந்த அமிலத்தன்மை, கனமான வண்டி ஏறி இறுகிய மண் இவை எல்லாம் புழுவை விரட்டும். வறட்சியிலும் வெப்பத்திலும் தளர்ந்த உயிரை, வழக்கமாகத் தாங்கும் அளவு மருந்தே சாய்த்துவிடும். பெரும்பாலான நிலங்களில் இரண்டு மூன்று காரணம் சேர்ந்தேதான் இருக்கும்.

அடிக்காமல் இருக்க முடியாது. அப்போது குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

வயலில் பூச்சியை எண்ணிப் பார்த்து, பொருளாதாரச் சேதநிலை (பூச்சியால் வரும் நஷ்டம் மருந்துச் செலவைத் தாண்டும் நிலை) வந்த பிறகு மட்டும் அடியுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பூஞ்சைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே டேங்கில் ஊற்றும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும் என்பது என் கருத்து. நோயே இல்லாத வயலில் அசோல் போய்ச் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். அசோலும் பைரித்ராய்டும், ஆர்கனோபாஸ்பேட்டும் பைரித்ராய்டும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ வேண்டாம். ஒரு குறிப்பிட்ட பூச்சியை மட்டும் தாக்கும் மருந்து கிடைத்தால் அதையே எடுங்கள்.

முழு வயலுக்கும் அடிக்காமல் பாதித்த இடத்துக்கு மட்டும் அடியுங்கள். மழை வரும் என்று தெரிந்தால் தள்ளிப் போடுங்கள். மேலே சொன்ன தெளிக்காத வரப்பை நிலத்தின் ஓரத்தில் மட்டும் வைக்காமல், பெரிய நிலமாக இருந்தால் நடுவிலும் ஒன்று விடுங்கள். எந்த மருந்து, எந்தத் தேதி, எந்தப் பாத்தி, எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டிலேயே ஆண்டுக்கு இரண்டு முறை புழு எண்ணிக்கையையும் குறித்தால், எந்தத் தெளிப்புக்குப் பிறகு குஞ்சு குறைந்தது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.